‘ஹால்ல கேமரா இருக்கா அக்கா?’: சுங்கை சிப்புட் கம்ப்யூட்டர் கடைத் தம்பி பார்த்த வைஃபை வேலை

சென்ற தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது எங்கள் வீட்டு வைஃபை இழுத்தடிக்க ஆரம்பித்தது. ஒரேயடியாகச் செத்துப் போயிருந்தால் ஆளைக் கூப்பிட்டுச் சரி செய்திருப்போம். இது காலையில் நன்றாக இருக்கும், மதியமும் பரவாயில்லை, மாலை ஆறு மணி தாண்டினால் ஊர்ந்து போகும்.

நான் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். உள்ளூர்க்காரர்கள் நேரில் வருவார்கள். பந்திங், கிள்ளான், சுங்கை பட்டாணி பக்கத்திலிருந்து வருகிற ஆர்டர் எல்லாம் ஹேண்ட்போனில்தான். துணியைப் போஸ்லாஜூ கூரியரில் அனுப்பிவிட்டு, கழுத்து எப்படி, கை எப்படி என்று வீடியோ காலில் காட்டுவார்கள். அப்படிப் பேசிக்கொண்டிருந்த ஒரு மாலையில் பந்திங் அம்மாவின் முகம் திரையில் அப்படியே உறைந்து நின்றுவிட்டது, குரல் மட்டும் விட்டுவிட்டு வந்தது. பின்கழுத்து இறக்கம் ‘ஆறரை’ என்று அவர் சொன்னது எனக்கு ‘ஏழரை’ என்று கேட்டது. வெட்டிவிட்டேன். கழுத்தைக் குறைவாக வெட்டினால் பிறகு இறக்கிக்கொள்ளலாம், கூடுதலாக வெட்டினால் அவ்வளவுதான். பட்டுத் துணி, அதே நிறம் தேடி வாங்கிக் கொடுக்க 180 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. 24 வருடமாகத் தைக்கிறேன். வெட்டில் தவறு செய்து ஒருவருக்குத் துணி வாங்கிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மகளுக்கு அந்த வருடம் எஸ்பிஎம், ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு. இரவு எட்டு மணிக்குக் கணக்கு டியூஷன் ஆன்லைனில். அவளும் “அம்மா, சார் பேசுறது கேக்கவே மாட்டேங்குது” என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

லைன் கொடுத்த கம்பெனிக்குப் போன் போட்டோம். வீடு வரைக்கும் சிக்னல் நன்றாக வருகிறது என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான் என்று பிறகு தெரிந்தது. ஈப்போவில் ஒரு பெரிய கடையில் விசாரித்தால், ஆளே வந்து பார்க்காமல், வீடு முழுக்க வைஃபையைப் பரப்பும் மூன்று பெட்டி கொண்ட செட் ஒன்றை வாங்கி வைக்கச் சொன்னார்கள், விலை 600 வெள்ளிக்கு மேல். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். 600 வெள்ளியை யோசிக்காமல் எடுத்து வைக்கிற குடும்பம் இல்லை நாங்கள். அப்போதுதான் என் கொழுந்தனார் இந்தக் கடையைச் சொன்னார்.

கடைப் பெயரை நான் போடவில்லை. தம்பி தனியாளாக நடத்துகிறார், வயது முப்பதுகூட இருக்காது. எழுதப்போகிறேன் என்று சொன்னபோது, “எழுதுங்க அக்கா, பேரு மட்டும் வேணாம், இப்பவே போன் எடுக்க முடியல” என்றார். பசார் பக்கம் போய், வீட்டுக்கே வந்து வைஃபை பார்க்கிற தம்பி கடை எங்கே என்று கேட்டால் யாரும் காட்டிவிடுவார்கள்.

சனிக்கிழமை வருவதாகச் சொன்னவர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் வந்தார். முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. அந்தக் குறையைப் பின்னால் சொல்கிறேன். வந்ததும் அவர் செய்த முதல் காரியம் எனக்குப் பிடித்தது. லேப்டாப்பை எடுத்தார், பையிலிருந்து ஒரு நீல ஒயரை எடுத்து மோடத்தின் பின்னால் நேராகச் செருகினார், வேகம் பார்த்தார். 94 என்று காட்டியது. எங்கள் திட்டம் 100. ஒயரைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்தபடி வைஃபையில் பார்த்தார். 6.

“அக்கா, குழாய்ல தண்ணி நல்லா வருது. வீட்டுக்குள்ள வந்த பிறகு எங்கயோ போகுது” என்றார்.

இரண்டே நிமிடம்தான். கம்பெனியிலும் ஈப்போ கடையிலும் இப்படிச் செய்து பார்க்கச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லவில்லை. உங்கள் வீட்டிலும் வைஃபை மெதுவாக இருந்தால், யாரையும் சந்தேகப்படுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். ஒயரிலும் மெதுவாக இருந்தால் பெரும்பாலும் லைன் பிரச்சினை, யாராவது லைனை நிறைய இழுத்தாலும் அப்படி ஆகும். ஒயரில் சரியாக இருந்து வைஃபையில் மட்டும் மெதுவாக இருந்தால் பிரச்சினை வீட்டுக்குள்தான். அப்போதும் அது திருட்டாகத்தான் இருக்கும் என்று இல்லை. மோடத்தை அலமாரிக்குள் வைத்திருந்தாலும், பக்கத்து வீடுகளின் வைஃபை எல்லாம் ஒரே சேனலில் மோதிக்கொண்டாலும் இப்படித்தான் ஆகும். எங்கள் தாமான் (குடியிருப்பு) போல ஒட்டினாற்போல வீடு கட்டிய இடத்தில் அது சாதாரணம் என்றார்.

பிறகு மோடத்தின் அமைப்புப் பக்கத்தை லேப்டாப்பில் திறந்தார். அதற்கென்று ஒரு முகவரி இருக்கிறது, பெரும்பாலும் 192.168 என்று ஆரம்பிக்கும். மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே அச்சடித்திருக்கும். அதற்குள் போக ஒரு பாஸ்வேர்ட் வேண்டும். வைஃபை பாஸ்வேர்ட் வேறு, இது வேறு. எங்கள் வீட்டில் மோடம் வந்த நாள் முதல் அதை யாரும் மாற்றியதே இல்லை, ஸ்டிக்கரில் இருந்ததே இருந்தது. உள்ளே போனதும் ஒரு பட்டியல் வந்தது. அந்த நேரத்தில் எங்கள் வைஃபையில் ஒட்டியிருந்த சாதனங்கள் மொத்தம் 21.

“உங்க வீட்டுல எத்தனை அக்கா?”

ஆறோ ஏழோ இருக்கும் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “எண்ணிப் பாத்துடலாம்” என்றார்.

அடுத்த முக்கால் மணி நேரத்தை நான் மறக்கவே மாட்டேன். மேசையில் இருந்த என் அளவு நோட்டை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் கோடு போட்டேன். அவர் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே ஹாலில் உட்கார்ந்திருந்தார். நானும் மகளும் வீடு முழுக்க நடந்து ஒவ்வொன்றாக அணைத்தோம். ஒன்றை அணைத்தால் பட்டியலில் ஒன்று போகும், அவர் “போச்சு” என்பார், நான் நோட்டில் எழுதுவேன். என் போன், போச்சு. மகள் போன், போச்சு. அவள் லேப்டாப், போச்சு. வீட்டுக்காரர் போனை வாங்கி அணைத்தோம், போச்சு. டிவி. பிரிண்டர். டிசைன் படம் பார்க்க நான் வைத்திருக்கும் பழைய டேப்லெட். வாசல் கேமரா, ஹால் கேமரா. ஒன்பது ஆயிற்று. பத்தாவது ஒன்றுக்குப் பெயரே இல்லை, வெறும் எழுத்தும் எண்ணும்தான். இரவு இரண்டு மணிக்கும் வேலை செய்திருந்தது. எனக்குக் கையெல்லாம் சில்லிட்டுப் போனது. மகள்தான் கண்டுபிடித்தாள், டிவிக்குக் கீழே இருக்கும் ஆஸ்ட்ரோ பெட்டி. அதையும் வைஃபையில் சேர்த்தது எங்கள் எல்லாருக்கும் மறந்தே போயிருந்தது.

இது முக்கியமான விஷயம். பட்டியலில் தெரியாத பெயர் வந்தால் உடனே திருடன் என்று நினைக்கக்கூடாது என்று தம்பி சொன்னார். இவர் போன வீடுகளில் பாதிக்கு மேல் சொந்தச் சாதனத்தையே பார்த்துப் பயந்திருக்கிறார்களாம். ஒவ்வொரு சாதனத்துக்கும் பன்னிரண்டு எழுத்தில் ஒரு மேக் அட்ரஸ் இருக்கும். அதில் முதல் ஆறு எழுத்து அதைச் செய்த கம்பெனியைக் காட்டும். அதை வைத்தே பலவற்றைக் கண்டுபிடித்துவிடலாம். இப்போது வரும் போன்கள் மட்டும் இதில் அகப்படாது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் அணைத்த பிறகும் பட்டியலில் 11 பாக்கி இருந்தது. வீடு இருட்டாக, டிவி இல்லாமல், அமைதியாக இருக்கிறது. மோடத்தில் மட்டும் பச்சை விளக்கு விடாமல் துடித்துக்கொண்டிருக்கிறது. அந்த விளக்கைப் பார்த்தபோது எனக்கு உண்டான உணர்வை எப்படிச் சொல்வது? அளவு எடுக்கிற அறைக்குள் தெரியாத ஆள் நிற்பது போல இருந்தது.

அதையேதான் தம்பியும் அடுத்த கேள்வியாகக் கேட்டார். “ஹால்ல கேமரா இருக்குன்னு சொன்னீங்களே அக்கா, அது எந்தப் பக்கம் பாக்குது?”

ஹாலின் ஒரு மூலையில் திரை போட்டு அங்கேதான் அளவு எடுக்கிறேன், போட்டும் பார்ப்பார்கள். கேமரா வாசல் கதவைப் பார்த்து வைத்தது. ஆனால் அகலமாகப் பார்க்கும், திரையின் ஓரமும் அதில் விழும். அந்தக் கேமராவுக்கும் பெட்டியில் வந்த பாஸ்வேர்டே இருந்தது. வாங்கி மாட்டிய ஆள் மாற்றவில்லை, எங்களுக்கு மாற்றத் தெரியவில்லை.

தம்பி தன் போனை எங்கள் வைஃபையில் சேர்த்தார். அணைத்திருந்த கேமராவை மறுபடி ஓட விட்டு அதன் முகவரியைப் போட்டார். பெட்டியில் இருந்த பாஸ்வேர்டைப் போட்டார். எங்கள் ஹால் அவர் போனில் தெரிந்தது. உடனே போனைக் கவிழ்த்து மேசையில் வைத்துவிட்டார். “வேற யாரும் பாத்தாங்கன்னு நான் சொல்லல அக்கா. பாக்கணும்னு நினைச்சா முடியும்னு மட்டும் சொல்றேன்.”

அதுவரை என் கவலை எல்லாம் வேகம்தான். 180 வெள்ளிப் பட்டு, மகளின் டியூஷன். அந்த நிமிடத்தில் அதெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. என்னை நம்பி வருகிற பெண்கள், பதினாறு வயதுப் பிள்ளையிலிருந்து எழுபது வயதுப் பாட்டி வரை, அந்த மூலையில் நிற்கிறார்கள். யாரும் பார்த்ததற்கான அடையாளம் இல்லை என்று தம்பி பிறகு தேடிப் பார்த்துச் சொன்னார். இருந்தாலும் அன்றிரவே ஸ்டூல் போட்டு ஏறி ஹால் கேமராவை என் கையாலேயே கழற்றினேன். வாசல் கேமரா மட்டும் புதுப் பாஸ்வேர்டோடு இருக்கிறது.

சரி, அந்த 11 பேர் எப்படி வந்தார்கள்? கதவைத் திறந்துவிட்டது நான்தான், நல்ல மனதோடு திறந்தது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பள்ளிக்கூடங்களை மூடினார்கள், பாடமெல்லாம் வீட்டிலிருந்தே என்றார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி பேரனை வைத்து வளர்க்கிறார், அவன் அப்போது நான்காம் ஆண்டு. அவர்கள் வீட்டில் லைன் இல்லை. பையன் எங்கள் வேலியோரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடம் பார்த்தான். மழை வந்தால் குடை பிடித்துக்கொண்டு. அதைப் பார்த்துவிட்டுப் பாஸ்வேர்ட் கொடுக்காமல் எப்படி இருக்க முடியும்? இன்றைக்கும் கொடுப்பேன்.

ஆனால் அந்தப் பாஸ்வேர்ட் என் வீட்டுக்காரரின் போன் நம்பர். ஐந்து வருடம் மாற்றவே இல்லை. ஆண்ட்ராய்டு 10-லிருந்து போனில் வைஃபையைத் தொட்டால் ஒரு கியூஆர் கோட் வரும், அதை இன்னொரு போன் ஸ்கேன் செய்தால் லைன் கிடைத்துவிடும். பாஸ்வேர்டை வாயால் கேட்கவே வேண்டாம். அந்தச் சதுரத்துக்குள் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் அப்படியே எழுத்தாக இருக்கிறது என்று தம்பி என் போனிலேயே திறந்து காட்டினார். பேரனிடமிருந்து அவன் நண்பனுக்கு, நண்பனிடமிருந்து அண்ணனுக்கு, அண்ணன் மூலம் பின் வரிசை வீட்டு டிவி பெட்டிக்கு. மாலை ஆறு மணிக்கு மேல் வைஃபை ஊர்ந்ததற்கு அதுதான் காரணம். பையன்கள் பந்து விளையாடிவிட்டு வந்து எங்கள் வீட்டுப் பக்கத்துக் கால்வாய்த் திட்டில் உட்காருவார்கள், பின் வரிசையில் டிவி போடுவார்கள்.

இதில் ஒரு சொல் என்னைத் தைத்தது. குழாய்த் தண்ணி என்று தம்பி சொன்னாரே, அது. நான் பிறந்தது ஊருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில். அப்பா பால் வெட்டினார். லயத்துக்கு ஒரே பொதுக் குழாய், தண்ணீர் வருகிற நேரத்துக்கு எல்லார் வீட்டு வாளியும் வரிசையில் நிற்கும். யாரும் யாரையும் “உனக்கில்லை” என்று சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டார்கள். பலகைச் சுவர்தான், இந்த வீட்டில் தாளிப்பது அந்த வீட்டுக்கு மணக்கும். தோட்டம் கைமாறி, லயம் போய், எல்லாரும் இந்தத் தாமானுக்கு வந்தோம். வீடு மாறினாலும் அந்தப் பழக்கத்தைக் கொண்டுதான் வந்தோம். அது நல்ல பழக்கம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போகிறவர் திரும்பிப் போய்விடுவார். வைஃபையில் வருகிறவர் வீட்டுக்குள்ளேயே நிற்கிறார், என் பெயரோடும் நிற்கிறார்.

பெயரோடு என்று ஏன் சொல்கிறேன் என்றால், என்னிடம் தைக்கிற வக்கீல் அம்மா ஒருவரிடம் இதைக் கேட்டேன். நம் மலேசியாவின் 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்று ஒரு பிரிவு, 2012 ஜூலை 31 முதல் நடப்பில் இருக்கிறது. ஒரு இணைய லைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ, அந்த லைனிலிருந்து வெளியான பதிவை அவரே வெளியிட்டார் என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளுமாம். இல்லை என்று காட்ட வேண்டிய பாரம் லைன்காரருக்கு. எங்கள் லைன் என் வீட்டுக்காரர் பெயரில். விடியற்காலை நான்கு மணிக்கு லாரி எடுத்துப் போகிற மனிதர், பேஸ்புக்கில்கூடக் கணக்கு இல்லை. கால்வாய்த் திட்டில் உட்கார்ந்து யாரோ ஒரு பையன் ஆத்திரத்தில் எதையாவது எழுதிப் போட்டால், முதலில் தட்டப்படுவது எங்கள் வீட்டுக் கதவு. அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நுழைவதற்கு 1997-ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் 50,000 வெள்ளி வரை அபராதம், ஐந்து வருடம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம் என்றும் அந்த அம்மா சொன்னார். பிள்ளைகள் மேல் போலீசுக்குப் போகிற எண்ணம் எனக்கு ஒரு நொடியும் வரவில்லை. இது விளையாட்டு விஷயம் இல்லை என்பது மட்டும் அன்றைக்குப் புரிந்தது.

அந்த 11-ஐயும் ஒவ்வொன்றாகப் ‘பிளாக்’ செய்துவிடுங்கள் என்றுதான் நான் சொன்னேன். பட்டியலில் பக்கத்திலேயே அந்தப் பொத்தான் இருக்கிறது. தம்பி வேண்டாம் என்றார். பிளாக் செய்வது மேக் அட்ரஸை வைத்து. ஆண்ட்ராய்டு 10, ஐபோனில் ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து போன்கள் உண்மையான அட்ரஸைக் காட்டாமல் ஒரு பொய் அட்ரஸோடுதான் வைஃபைக்குள் வருகின்றன. அமைப்பில் ஒரு இடத்தைத் தட்டினால் அட்ரஸ் மாறிவிடும், நாம் பிளாக் செய்தது வீணாகிவிடும். வைஃபை பெயரை மறைத்து வைத்தாலும் பயனில்லை, தேடத் தெரிந்தவர் கண்டுபிடித்துவிடுவார். பூட்டை மாற்ற வேண்டும், அது ஒன்றுதான் வழி.

பூட்டை எப்படி மாற்றினார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோடத்துக்குள் போகிற பாஸ்வேர்டை முதலில் மாற்றினார். மோடத்தில் பொத்தானை அழுத்தினால் அல்லது எட்டு இலக்க எண்ணைப் போட்டால் உள்ளே விடுகிற டபிள்யூபிஎஸ் என்ற வசதி இருந்தது, அதை அணைத்தார். எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி எண் இருக்கிறதே, பத்திரம்தானே என்று மகள் கேட்டாள். மோடம் அந்த எண்ணை இரண்டு பாதியாகப் பிரித்துத் தனித்தனியாகச் சரி பார்க்கிறது, கடைசி இலக்கம் மற்ற ஏழையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது, அதனால் அதிகபட்சம் 11,000 தடவை முயன்றால் போதும் என்றார். இது 2011 டிசம்பரிலேயே வெளியான ஓட்டையாம். கணக்கில் நல்ல பிள்ளை என் மகள், தாளை எடுத்துப் பத்தாயிரமும் ஆயிரமும் என்று தானே போட்டுப் பார்த்துத் தலையாட்டினாள். பூட்டு வகையை டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் என்று மட்டும் வைத்தார். எங்கள் மோடம் பழசு, புதிதில் டபிள்யூபிஏ3 இருக்கும், அது இன்னும் நல்லது, ஆனால் அதற்காக இதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை என்றார். அவர் கடையில் புது மோடம் அடுக்கி வைத்திருக்கிறார். ஒன்றைக்கூட என் தலையில் கட்டப் பார்க்கவில்லை.

புது வைஃபை பாஸ்வேர்ட் போடும் இடம் வந்ததும் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். “நீங்களே டைப் பண்ணுங்க அக்கா. எனக்குத் தெரிய வேணாம்.” சொல்லிவிட்டு எழுந்து வாசலில் போய் நின்றார். போன் நம்பர், பிறந்த நாள், கார் நம்பர் வேண்டாம், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு சொல்லைச் சேர்த்து எழுதுங்கள், நீளம்தான் காவல், 63 எழுத்து வரை போகலாம் என்று அங்கிருந்தே சொன்னார். நானும் மகளும் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு யோசித்து எழுதினோம். எத்தனையோ பேர் வீட்டுக்கு வந்து எதை எதையோ பழுது பார்த்திருக்கிறார்கள். இந்த மரியாதையை நான் யாரிடமும் பார்த்ததில்லை. இந்த ஒன்றுக்காகவே இந்தக் கடையைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

கடைசியாக ‘கெஸ்ட்’ என்று இன்னொரு வைஃபையைத் திறந்தார். அதே லைன், வேறு பெயர், வேறு பாஸ்வேர்ட். அதில் இருப்பவர்களுக்கு இணையம் கிடைக்கும், ஆனால் நம் பிரிண்டர், கேமரா, லேப்டாப் எதுவும் கண்ணில் படாது. வேகத்துக்கு ஒரு எல்லை வைத்தார், இரவு பத்து மணிக்குத் தானாக அணையும்படியும் வைத்தார். “கொடுக்கணும்னு நினைச்சா இதைக் கொடுங்க. ஆனா இதுவும் உங்க வீட்டு லைன்தான், பேரு உங்களோடதுதான். யாருக்குக் கொடுக்குறோம்னு தெரிஞ்சு கொடுங்க” என்றார்.

ஒன்பது மணிக்கு வேலை முடிந்தது. வைஃபையில் வேகம் பார்த்தால் ஹாலில் 80-க்கு மேல். அவர் மோட்டார் சைக்கிள் முனை திரும்பியிருக்காது, கேட்டில் சத்தம். பாட்டியின் பேரன். இப்போது மூன்றாம் படிவம், என்னைவிட உயரம். “அண்ட்டி, உங்க வூட்டு லைன் போச்சா?”

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். திட்டவில்லை. யாருக்கெல்லாம் ஸ்கேன் செய்து கொடுத்தாய் என்று கேட்டேன். நான்கு பெயர் சொன்னான், அதற்கு மேல் அவனுக்கே தெரியவில்லை. ஹால் கேமரா இருந்த இடத்தைக் காட்டினேன். அங்கே யார் நிற்பார்கள் என்று சொன்னேன். அவனுடைய அக்காவுக்கும் அங்கேதான் அளவு எடுத்தேன். பையன் முகம் மாறிவிட்டது. “சத்தியமா எனக்கு அது தெரியாது அண்ட்டி” என்றான். எனக்கும் அன்று சாயங்காலம் வரை தெரியாதே. கெஸ்ட் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதிப் பாட்டி கையில் கொடுத்தேன், அவன் கையில் இல்லை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி மாற்றுகிறேன், பாட்டி முறுக்கோ கீரையோ எடுத்துக்கொண்டு தாள் வாங்க வருவார். மற்றவர்கள் யாரென்று இன்றுவரை தெரியாது. பின் வரிசையிலிருந்து யாரும் வந்து கேட்கவும் இல்லை.

இனிக் குறைகள். சொன்ன நாளுக்கு வராதது ஒன்று. தீபாவளி வேலை நெருக்கத்தில் சனிக்கிழமை முழுக்க இரண்டு பேரை அளவுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். வர முடியாவிட்டால் ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம். இரண்டாவது, கூலி. போனில் 50 வெள்ளி என்றார், முடிவில் 80 கேட்டார். கேமரா வேலையும் சேர்ந்ததால் என்றார். வேலைக்கு 80 தகும், நான் மனதாரத்தான் கொடுத்தேன். ஆனால் கேமராவில் கை வைக்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். ரசீதும் கேட்ட பிறகுதான் எழுதினார்.

மூன்றாவதுதான் எனக்குக் கஷ்டம் கொடுத்தது. கிளம்பும்முன் பிரிண்டரைச் சோதிக்கவில்லை. மறுநாள் பில் அடிக்கப் போனால் பிரிண்டர் புது வைஃபையில் சேரவே மாட்டேன் என்றது. போன் அடித்தால் எடுக்கவில்லை. இரண்டு நாள் கையால் பில் எழுதினேன். மூன்றாம் நாள் கடைக்கே போய்க் கேட்டேன். பிரிண்டருக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை மட்டும்தான் தெரியும், என் போன் 5-இல் இருந்தது, சேர்க்கிற நேரத்துக்கு மட்டும் போனையும் 2.4-க்கு மாற்றினால் சேர்ந்துவிடும் என்று இரண்டு வாக்கியத்தில் சொன்னார். வீட்டுக்கு வந்து நானே செய்தேன், சேர்ந்தது. பழைய கேமரா, பிரிண்டர், பிளக் வகைகள் பலவும் 2.4-இல் மட்டும்தான் வேலை செய்யும். இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு நாள் மிச்சம்.

இந்த மூன்றையும் அவரிடமே சொன்னேன். முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார். பிறகு என் நாத்தனார் வீட்டுக்குப் போனபோது கூலியை முதலிலேயே எழுதிக் காட்டினாராம், போவதற்கு முன் பிரிண்டரில் ஒரு தாள் அடித்தும் பார்த்தாராம்.

ஓரளவு கைபழகிய பிள்ளைகள் வீட்டில் இருந்தால், இதில் பாதி வேலையை யாரையும் கூப்பிடாமலே செய்துகொள்ளலாம். ஃபிங் என்ற செயலியைப் போனில் இறக்கினால் வைஃபையில் யார் யார் இருக்கிறார்கள் என்று அதுவே பட்டியல் காட்டும். நான் இப்போது மாதம் ஒரு தடவை பார்த்து, அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தோடு ஒத்துப் பார்க்கிறேன். ஒன்பது வர வேண்டும், ஹால் கேமரா போய்விட்டதால். வீட்டில் வயதானவர்கள் மட்டும் இருந்தால், அல்லது கேமரா மாட்டியிருந்தால், தம்பியைக் கூப்பிடுங்கள். 80 வெள்ளி வீண் போகாது.

கடை திங்கள் முதல் சனி வரை, காலை பத்து மணிக்கு மேல்தான் திறக்கும். போன் எடுக்க மாட்டார், நேரில் போய் நாள் கேட்டு, கூலியையும் அங்கேயே பேசிவிடுங்கள். போகும்போது மோடத்தின் அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள், என்ன மோடம் என்று முதலில் அதைத்தான் கேட்பார். படத்தை அவருக்கு அனுப்ப வேண்டாம், காட்டினால் போதும். அதில் பாஸ்வேர்ட் அச்சடித்திருக்கும்.